கோர்ட்டிலிருந்து ஒரு காகிதம்

ஆரியசாலையில் ஓர் அம்மா பலசரக்குக் கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வியாபாரிக்குச் சரக்குப் பணம் பாக்கி. பாதிப் பணம் கொடுத்தாயிற்று. ரசீதும் இருக்கிறது. ஆனாலும் வியாபாரி முழுப் பணமும் கேட்டு வழக்குப் போட்டுவிட்டார். கோர்ட்டுச் சேவகர் வந்து ஒரு காகிதத்தை நீட்டுகிறார்.

வாங்கலாமா? பயந்துபோய் மறுப்பவர்கள் உண்டு. மறுத்தாலும் வழக்கு நிற்காது. காகிதத்தைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள்.

இதுதான் சம்மன். இது கைது உத்தரவு அல்ல. 'உங்கள் பேரில் வழக்கு வந்திருக்கிறது. உங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள்' என்று கோர்ட்டு கூப்பிடுகிறது. வழக்குப் போட்டவர் வாதி. எதிர்த்தரப்பு பிரதிவாதி. கோர்ட்டின் பெயர், வழக்கு எண், தேதி மூன்றையும் தேடிப் பாருங்கள். மலையாளத்தில் இருந்தால் தெரிந்தவரை வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்தில் பதில் கொடுக்கச் சாதாரணமாக 30 நாள் உண்டு.

நீதிபதி கடைக்கு வந்து விசாரிப்பவர் அல்ல. இரண்டு தரப்பும் காட்டும் காகிதத்தையும் சாட்சியையும் வைத்துத்தான் தீர்ப்புச் சொல்வார். ரசீது கடைப் பெட்டியிலேயே கிடந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? பிரதிவாதி போகாவிட்டால், வாதி சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு ஆகிவிடலாம். இது ஒருதலைத் தீர்ப்பு. இதை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் வராததற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? 1987-இல் இலவசச் சட்ட உதவிச் சட்டம் வந்தது. 1995-இல் அது நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். வஞ்சியூர் கோர்ட்டு வளாகத்தில் விசாரிக்கலாம்.

கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு தவறு என்று பட்டால் மாவட்டக் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். அதற்கும் மேலே எர்ணாகுளத்தில் கேரள உயர் நீதிமன்றம். எல்லாவற்றுக்கும் மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம். கோர்ட்டு ஆண்கள் போகும் இடம் என்று சொல்வார்கள். திருவனந்தபுரத்தில் பிறந்த அன்னா சாண்டி 1937-இல் திருவிதாங்கூரில் முன்சீப் ஆனார். 1959-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியும் ஆனார். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண் அவரே.

கடைக்கார அம்மாவும் வியாபாரியும் லோக் அதாலத்தில் பேசியும் முடிக்கலாம். அங்கே கட்டணம் இல்லை. சமரசம் ஆனால், வியாபாரி ஏற்கெனவே கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. ஆகவே பாக்கித் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதை வாசித்துப் பார்த்த பிறகே அந்த அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.