மிச்ச நூலும் சாய்வரி நெசவும்

கைத்தறித் துணியின் அடக்க விலையில் நூலின் பங்கு பெரிது என்பதைக் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகள் அனைவரும் அறிவர். ஆனால் நெசவு முடிந்தபின் எஞ்சும் வண்ண நூலின்மீது அத்துணை அக்கறை காட்டப்படுவதில்லை. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 35.22 லட்சம் பேர் இத்தொழிலில் உள்ளனர். தறிக்குச் சிறிதளவே எஞ்சினாலும், நாடு முழுவதற்கும் அது அற்பமான அளவாக இராது.

எஞ்சும் நூல் எந்த ஒரு நிறத்திலும் முழுத் துணிக்குப் போதாது. மீண்டும் சாயமிட்டால் அதே சாயல் கிடைப்பதும் அரிது. எனவே பல நிறங்களைக் கலந்தே நெய்தாக வேண்டும். இதற்கு மிகவும் இணங்குவது டுவில் எனப்படும் சாய்வரி நெசவு.

இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்குச் சால்வைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஊடை இழையும் இரண்டு பாவு இழைகளின் மேலும், அடுத்த இரண்டின் கீழும் செல்கிறது. அடுத்த ஊடையில் இந்தப் பின்னல் ஓர் இழை நகர்கிறது. சாய்ந்த வரிகள் தோன்றுவது இதனால்தான். சால்வையின் உடற்பகுதி பெரும்பாலும் ஒரே நிறம். கரையில் மட்டும் சிறுசிறு வண்ணங்கள். தளம் அடங்கியிருந்தால் சிறிதளவு நிறமும் எடுப்பாகத் தெரியும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இரண்டுக்கு இரண்டு என்ற பின்னலில் பாவும் ஊடையும் சமமாகத் தெரியும். பாவைக் கருநீலமாக வைத்து, ஊடையில் மிச்ச நூல்களை ஓட்டினால், தம்முள் பொருந்தாத நிறங்களும் அந்த நீலத்தோடு கலந்து அடங்கிவிடும். நிறம் மேலோங்க வேண்டுமாயின் ஊடை மூன்று பாவு இழைகளின் மேலும் ஒன்றின் கீழும் செல்லுமாறு நெய்யலாம். அப்போது மறுபுறத்தில் பாவே மிகுந்து தெரியும்.

பாவிலும் ஊடையிலும் நான்கு கரிய இழை, நான்கு வெளிறிய இழை என மாற்றி வைத்தால் கூர்முனைகளுடைய கட்டங்கள் உருவாகும். இங்கு முக்கியம் நிறமன்று, அழுத்தமே. பச்சை, பழுப்பு, அரக்கு எல்லாம் ஒரு குவியல். மஞ்சள், சாம்பல், இளஞ்சிவப்பு மற்றொன்று. குவியல் மாறாதவரை கட்டம் கலையாது.

நூலின் அளவை நிறுத்தே அறியலாம். பருத்தி நூலில் ஒரு சிட்டம் 840 கெஜம்; ஒரு பவுண்டு எடையிலுள்ள சிட்டங்களின் எண்ணிக்கையே அந்நூலின் நம்பர். இருபதாம் நம்பர் ஒற்றை நூல் 100 கிராம் என்பது சுமார் 3,380 மீட்டர். ஒரு மீட்டர் அகலத் துணிக்கு ஓர் ஊடைக்கு 1.1 மீட்டர் நூலும், சென்டிமீட்டருக்கு 16 ஊடையும் எனக் கொண்டால், ஏறத்தாழ 1.9 மீட்டர் துணி நெய்யலாம். நிறத்தை ஓரிடத்திலேயே தீர்த்துவிடாமல், துணியின் முழு நீளத்திற்கும் பங்கிட வேண்டும். நாடா தொடங்கிய பக்கத்துக்கே திரும்ப, ஒவ்வொரு கோட்டிலும் ஊடைகள் இரட்டைப்படையாக இருத்தல் நலம். சாயம் கசியுமா என்பதை, வெள்ளை நூலுடன் சேர்த்து நனைத்து முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொழில்நுட்பம் இவ்வளவு எளிதாயின், தடை எங்கே? பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் கிடங்கில் மிச்ச நூல் மூட்டைகளைக் கண்டேன். இருப்புப் பதிவேட்டில் அவை கொள்முதல் விலையிலேயே நின்றன. மதிப்பைக் குறைத்து வழங்கினால் நட்டம் காட்ட வேண்டும். தணிக்கையில் கேள்வி எழும். ஆகவே எவரும் தொடவில்லை. இருப்பு சரியாக உள்ளதென்று நானும் கையொப்பமிட்டுத் திரும்பினேன். அடுத்த மழைக்காலத்தில் அந்நூல் மக்கிப்போனதாகப் பின்னர் அறிந்தேன்.

ஆண்டுதோறும் மிச்ச நூலை நம்பர்வாரியாக நிறுத்து, குறைந்த மதிப்பில் தனி இனமாக எழுத நிர்வாகக் குழு தீர்மானித்தால் இத்தடை நீங்கும். கூலியையும் உடன் திருத்த வேண்டும். அடிக்கடி நாடா மாற்றுவதால் நெசவு தாமதப்படும். வழக்கமான மீட்டர் கூலியே கொடுத்தால், நூலில் சங்கம் சேமிப்பது நெசவாளியின் வருவாயிலிருந்து எடுத்ததாகவே முடியும்.