மஸ்கோகாவுக்குப் போக விரும்பும் பெறாமகளுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள பிள்ளைக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. நானும் பெரியம்மாவும் சுகம். அவளுடைய முழங்கால் வலி பழையபடிதான். சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா தொலைபேசியில் பேசியபோது, வங்கியில் கிடைக்கவிருந்த கோடை விடுமுறை வேலையை நீ வேண்டாமென்று சொல்லிவிட்டு, புற்றுநோயுற்ற குழந்தைகளுக்காக மஸ்கோகா ஏரிப் பிரதேசத்தில் நடக்கும் முகாமுக்குத் தொண்டராகப் போக விண்ணப்பித்திருக்கிறாய் என்றும், இரண்டு வாரமாக வீட்டில் ஒருவரோடும் முகங்கொடுத்துப் பேசுகிறாயில்லை என்றும், ஹோலில் மாட்டியிருந்த உன் சித்தப்பாவின் மகன் சின்னவனுடைய படத்தைக் கழற்றி உன் அறைக்குள் வைத்துக்கொண்டாய் என்றும் சொன்னாள். முதற் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். மற்ற இரண்டையும் கேட்டபின் நித்திரை சரியாக வரவில்லை. கையால் எழுதுகிறேன், கீழ்மாடிப் பையன் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். வாசிக்கச் சிரமமாயிருந்தாலும் அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுக்காமல் நீயே எழுத்துக்கூட்டி வாசி.

அந்த முகாம்களை வீண் கேளிக்கையென்று நினைக்கிற கிழவன் நான் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அப்போதிக்கரியாக உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில், இரத்தப் புற்றுநோய் என்று எழுதப்பட்ட துண்டோடு ஒரு குழந்தை வாட்டுக்குள் வந்தால், அதற்குக் கோடை விடுமுறை எங்கே கழிப்பது என்ற யோசனை ஒருவருக்கும் வந்திராது. அந்த வியாதியைச் சிறிது காலமாவது பின்வாங்கச் செய்ய முடியும் என்பதை பொஸ்டன் நகரத்து வைத்தியர் சிட்னி ஃபார்பர் 1948 இல்தான் உலகத்துக்குக் காட்டினார். அவர் கையிலிருந்த ஔஷதத்தை உண்டாக்கிய ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவராயிருந்தவர், 1895 இல் பீமாவரத்தில் பிறந்து சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். கதராடை உடுத்தி வந்த குற்றத்துக்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, குறைந்த பட்டத்தோடு வெளியேறிய அந்த மனிதர், ஃபார்பரின் கட்டுரை வெளிவந்த அதே வருஷத்தில் காலமானார். அந்தப் பரம்பரையில் வந்த மெதோட்ரெக்ஸேட்டை இன்றைக்கும் உலகமெங்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். சுப்பாராவின் பெயரை எங்கள் காலத்து வைத்தியர்களிலும் பலர் அறிந்திருக்கவில்லை என்பதில் எனக்கு நெடுநாளைய வருத்தம் உண்டு. அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது, குழந்தைகள் பிழைக்கத் தொடங்கிய பின்புதான் இந்த முகாம்களுக்குத் தேவை பிறந்தது என்பதே. பிழைப்பதற்கு அவர்கள் கொடுக்கிற விலை இரண்டு, மூன்று வருஷச் சிகிச்சை. ஊசி, வாந்தி, முகக்கவசம், மயிர் உதிர்ந்த தலை, விட்டுப்போன பள்ளிக்கூடம், வீட்டுக்குள் வர அனுமதிக்கப்படாத சிநேகிதர்கள். ஆகவே 1983 இல் உங்கள் ஒன்ராறியோவில் ஊச்சிகியாஸ் முகாமை ஆரம்பித்தவர்களும், 1988 இல், தம் பெயரில் சலாட் சோஸ் விற்று வந்த இலாபத்தைத் தருமத்துக்கு விட்ட நடிகர் போல் நியூமன் கனெற்றிக்கட் மாநிலத்து ஆஷ்ஃபோர்ட்டில் ஒரு முகாமை நிறுவியபோது அவரோடு நின்றவர்களும், 1994 இல் அயர்லாந்தின் பாரெட்ஸ்டவுன் கோட்டையைக் குழந்தைகளுக்குத் திறந்துவிட்டவர்களும், நோயின் நடுவே பறிபோன பால்யத்தில் சில நாட்களையாவது மீட்டுக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தினால் தூண்டப்பட்டவர்களே. மொட்டைத் தலையோடு இருக்கிற பிள்ளை, தன்னைச் சுற்றி எல்லாருமே மொட்டைத் தலையோடு ஏரியில் படகு வலிப்பதைக் கண்டால் அதற்கு உண்டாகிற ஆசுவாசத்தை எந்தக் குளிசையும் தராது. நீ போக விரும்பும் ஊச்சிகியாஸ் பின்னர் ட்ரில்லியம் முகாமோடு இணைந்து இப்போது காம்ப்ஃபயர் சேர்க்கிள் என்ற பெயரில் நடக்கிறதென்றும், முகாமிலேயே இரத்த நாளம் வழி மருந்தேற்றுகிற வசதி இருக்கிறதென்றும், பெற்றோரிடம் ஒரு சதமும் வாங்குவதில்லையென்றும் அறிந்தேன். நல்ல ஸ்தாபனம். அதில் எனக்கு ஆட்சேபம் எதுவுமில்லை.

போவதாக இருந்தால் சில காரியங்களில் கவனமாயிரு. உனக்கு இலேசான தடிமன் என்றாலும் மறைக்காமல் தாதியிடம் சொல்லி விலகி நில்; வெள்ளணுக் குறைந்த பிள்ளைக்கு உன்னுடைய சாதாரண இருமல் ஆஸ்பத்திரி வாசமாக முடியக்கூடும். நீ சின்னப்பிள்ளையாய் இருந்தபோது கொப்புளிப்பான் வந்ததா, தடுப்பூசி போட்டதா என்பதை அம்மாவிடம் நிச்சயப்படுத்திக்கொள், அவர்களும் கேட்பார்கள். விழுந்து சிராய்த்தால் அது சின்னக் காயம் என்று நீயே தீர்மானிக்காதே. பரிதாபப் பார்வை பார்க்காதே. தன் பையைத் தூக்கக்கூடிய பிள்ளையின் பையை நீ தூக்காதே. படம் எடுத்து ஊருக்குக் காட்டாதே. இவையெல்லாம் அங்கே பயிற்சியில் சொல்லித்தருவார்கள். நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எந்தப் பயிற்சியிலும் அழுத்திச் சொல்வார்களா என்று எனக்குச் சந்தேகமாயுள்ள வேறொன்று.

நோயுற்ற குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதே. கொடுத்தால் உயிரைக் கொடுத்தாவது நிறைவேற்று.

இந்தக் கொழும்பில் பிறந்தநாளென்றும் திவசமென்றும் குழந்தைகள் வாட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழக்கம் உண்டு. நல்ல வழக்கந்தான், பசித்த வயிறு யார் கொடுத்தது என்று கேட்பதில்லை. ஆனால் நான் வேலைபார்த்த ஓர் இடத்தில் வருஷக்கணக்காகக் கண்ணாரக் கண்டது என்னவென்றால், பலூனோடும் பொம்மையோடும் வந்து, கட்டில் கட்டிலாக நின்று படம் பிடித்து, மனமுருகிக் கண்ணீரும் விட்டு, புறப்படும்போது அந்த உருக்கத்தின் வேகத்திலே “அடுத்த கிழமை வருவேன், உனக்குச் சைக்கிள் கொண்டுவருவேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், வாசலைத் தாண்டியதும் அதை மறந்துவிடுகிறார்கள்; குழந்தையோ மறப்பதில்லை, ஏனென்றால் அந்தக் கட்டிலிலே அதற்கு வேறு வேலையில்லை. புதன்கிழமை, வியாழக்கிழமை என்று மிஸ்ஸிமாரிடம் கேட்டுக் கேட்டு, பிறகு ஒருநாள் கேட்பதை நிறுத்திவிடும். கேட்பதை நிறுத்திய பிள்ளை மருந்தையும் பேசாமல் குடிக்கும். அதைச் சமர்த்து என்று சொல்லுவார்கள். எனக்கு அந்தச் சமர்த்தைக் காண ஒருநாளும் சகித்ததில்லை.

நம்முடைய வீட்டிலும் அதுதான் நடந்தது. சின்னவனைச் சித்தப்பாவும் சித்தியும் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பது உனக்குத் தெரியும்: பாதை பூட்டியிருந்த காலம், கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து சோதனைச் சாவடி சோதனைச் சாவடியாக இறங்கி ஏறிக் கொழும்பு, வந்த அன்றே பொலிஸ் பதிவு. மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையில் வைத்தியம், சிகிச்சைக்கு நடுவே எங்களோடு இந்த வீட்டில். உன் அப்பா அப்போது ஸ்காபரோவுக்குப் போய்க் கொஞ்சக் காலந்தான். தொலைபேசியில் அவனிடம், “ஆடிவேலுக்குப் பெரியப்பா வருவேன், உனக்கு நல்ல மட்டையும் பந்தும் கொண்டுவருவேன்” என்று சொன்னான். அகதி விண்ணப்பம் தீர்ப்பாகாமல் கிடக்கும்போது நாட்டைவிட்டு வெளிக்கிட முடியாதென்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னான். குழந்தையின் முகம் மலர வேண்டுமென்று சொன்னான் என்பதும் எனக்குத் தெரியும். மாதாமாதம் அவன் அனுப்பிய பணத்தில்தான் வெளியில் வாங்கவேண்டிய மருந்தெல்லாம் வாங்கினோம், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும், காலி வீதியில் வேல் இரதம் போன அன்று அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான். கூட்டத்துக்குள் யாரைத் தேடுகிறான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சின்னவன் புரட்டாதிவரை இருந்தான். நீ அப்பாவிடம் இதைக் கிளறாதே. நானும் அவனும் இதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை, இனிப் பேசப்போவதுமில்லை.

ஆகையால், மஸ்கோகாவில் கடைசி நாள் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு “அக்கா, வாற வருஷமும் வருவீங்களா?” என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, கேட்காமல் விடாது, நீ என்ன சொல்லப்போகிறாய் என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள். வருவதாயிருந்தால் வருஷா வருஷம் வர உனக்குச் சம்மதமா? அந்தப் பிள்ளை அடுத்த வருஷம் வராமற்போனால், எந்தக் காரணத்தினால் வரவில்லை என்று கேட்டறியவும், அறிந்தபின் மற்றப் பிள்ளைகளோடு சிரித்து விளையாடவும் உன்னால் முடியுமா? சின்னவனுடைய படத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு போகிறவள் என்றபடியால் கேட்கிறேன். அங்கே நீ காண்கிற ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய பெயரோடும் தன்னுடைய குறும்போடும் வந்திருக்கும் தனிப்பிள்ளை. அவர்களில் ஒருவனையும் சின்னவனுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதே. அது அவனுக்கும் நியாயமில்லை, உனக்கும் நல்லதில்லை.

மற்றொன்றும் இருக்கிறது. உனக்குக் கட்டளையிடுவதற்கு நான் யார்? உனக்கு வயது வந்துவிட்டது, தீர்மானம் உன்னுடையது. நான் ஒரு விஷயத்தை மாத்திரம் உன் பார்வைக்கு வைக்கிறேன். செல்வமுள்ள தேசங்களில் புற்றுநோயுற்ற குழந்தைகளில் 100 க்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள் என்றும், வறிய தேசங்கள் பலவற்றில் 30 பேர்கூடத் தப்புவதில்லை என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. மஸ்கோகாவுக்கு ரொறன்ரோ முழுவதிலுமிருந்து படித்த பிள்ளைகள் விண்ணப்பிப்பார்கள். நீ போகாவிட்டால் உன் இடத்தில் இன்னொருத்தி நிற்பாள். மகரகமவிலோ, வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத் தோட்டங்களிலிருந்தும் வந்து, சுற்றிலும் பேசுகிற சிங்களம் ஒரு சொல்லும் விளங்காமல், தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இருக்கிற தமிழ்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் ஒரு கதை சொல்ல ஆள் வேண்டும். இந்தத் தேசத்தில் நல்ல மனம் இல்லையென்று நான் சொல்லவில்லை. 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றர் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கூடி நடந்து சேர்த்த பணத்திலே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது. புற்றுநோயில் மகனைப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தந்தை முன்னின்று, சனங்களிடம் இருபத்தைந்து கோடி ரூபாய் திரட்டி மகரகமவுக்குப் பெரிய ஸ்கேன் இயந்திரம் வாங்க வழிசெய்தார். கட்டிடத்துக்கும் இயந்திரத்துக்கும் இங்கே கொடுக்கிறார்கள். கட்டிலண்டையில் தினமும் போய் உட்காருவதற்குத்தான் ஆளில்லை.

இங்கே வந்தால் நம்முடைய வீடு இருக்கிறது. ஹைலெவல் வீதிக்குப் போய் 138 ஆம் இலக்கப் பஸ் ஏறினால் மகரகமவில் இறங்கலாம். முதல் வாரம் நானே கூட வருவேன். பணிப்பாளரின் அனுமதி பெறாமல் வாட்டுக்குள் போக முடியாது. அதற்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், உன் சம்மதமில்லாமல் அனுப்பமாட்டேன். திரும்பிப் போனபிறகும், நீ கதை சொன்ன பிள்ளைக்குக் கைப்பேசியில் கிழமைக்கொருமுறை முகத்தைக் காட்டலாம். எங்கள் காலத்தில் இல்லாத வசதி. ஆனால் இதெல்லாம் ஒரு யோசனைதான். மஸ்கோகாவே என்று நீ முடிவு செய்தாலும் எனக்குச் சந்தோஷமே.

எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன், உபதேசம் அதிகமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, என் குஞ்சு. இருபது வயதில் ஊரார் எல்லாம் உல்லாசப் பிரயாணம் போகிற விடுமுறையில், வியாதிக்காரப் பிள்ளைகளோடு இருக்கவேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, இந்தக் குடும்பத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாதது அது. பெரியம்மா கேட்டவுடன் சுவாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். கொட்டாஞ்சேனை மாமி ஜம்பட்டா வீதி முழுவதும் சொல்லி முடித்துவிட்டாள். நீ டாக்டராகிவிட்டாய் என்று அங்கே நாலு பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், நான் திருத்தவில்லை. உன் அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள். என் தம்பி நல்லவன். நேரத்துக்குச் சாப்பிடு. சின்னவனுடைய படத்தை உன் அறையிலேயே வைத்திரு, ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

இந்த மாதக் கடைசியில் விமானச் சீட்டு விலை ஏறிவிடும் என்று கீழ்மாடிப் பையன் சொல்கிறான். முன் அறைக்கு வெள்ளையடித்து, புது மின்விசிறி பூட்டியாயிற்று. எந்தப் பக்கம் போவதென்றாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
பெரியப்பா