எஞ்சின் பிரிக்கும்போது டேப்பெட்டையும் பாருங்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மின் இணைப்பு கிடைக்காத கிணறுகளுக்கு டீசல் எஞ்சின்தான் துணை. மக்காச்சோளம் பூக்கும் தருணத்தில் எஞ்சின் நின்று தண்ணீர் தவறினால் மணி பிடிப்பது குறைந்துவிடும். ஆகவே எஞ்சினைப் பிரித்து ரிங், பேரிங் மாற்றும்போது டேப்பெட்டையும் கவனிக்க வேண்டும்.

கேம் ஷாஃப்டின் மேடு டேப்பெட்டைத் தூக்குகிறது. டேப்பெட் புஷ் ராடைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கிறது. நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு டேப்பெட்டும் 750 முறை ஏறி இறங்கும். ஒரு மணி நேரத்தில் இது 45,000 முறை ஆகிறது. ஆயில் கெட்டாலும், தூசு கலந்தாலும் கேமும் டேப்பெட்டும் உரசும் இடம் அடிபடும்.

கண்டறிவது எப்படி?

மேல்மூடிப் பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் முதலில் டேப்பெட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, இரு வால்வுகளும் மூடிய நிலையில், கையேட்டில் கண்ட அளவை ஃபீலர் கேஜ் கொண்டு வைக்க வேண்டும். சத்தம் அடங்கட்டும் என்று இடைவெளியே இல்லாமல் இறுக்கக் கூடாது. சூடேறியதும் வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும்.

சரிசெய்த சில நாட்களில் இடைவெளி மீண்டும் அதிகமானால் ஏதோ ஒரு பாகம் தேய்கிறது என்று பொருள். ராக்கர் முனையைப் பாருங்கள். புஷ் ராடைக் கண்ணாடி மீது உருட்டி வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் குறை டேப்பெட்டிலோ கேமிலோதான். கையால் எஞ்சினைச் சுற்றும்போது ஒரு வால்வு மட்டும் மிகக் குறைவாக இறங்கினால் கேம் மேடு தேய்ந்திருக்கலாம்.

மாற்றும் முறை

பல எஞ்சின்களில் கேம் ஷாஃப்டைக் கழற்றினால்தான் டேப்பெட் வெளியே வரும். ஆகவே ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்று விட்டால், மீண்டும் முழு வேலைக்கும் கூலி கொடுக்க நேரிடும்.

1. கழற்றும்போதே எந்த டேப்பெட் எந்த இடத்தது என்று அடையாளமிட வேண்டும். பழையதையே போடுவதானால் அதே இடத்தில்தான் போட வேண்டும்.

2. டீசலில் கழுவித் துடைத்து, டேப்பெட் முகத்தின் மேல் எஃகு ஸ்கேலின் விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் முகம் குழிந்துவிட்டது. அதையும், புள்ளி விழுந்ததையும் மாற்ற வேண்டும்.

3. தேய்ந்த பழைய டேப்பெட்டைப் புதிய கேமில் ஒருபோதும் போடக் கூடாது. புதிய கேமும் விரைவில் கெட்டுவிடும். கேம் மாற்றினால் டேப்பெட்டுகளையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம்.

4. புதிய டேப்பெட் அதன் துளையில் தன் எடையிலேயே இறங்கி, கையால் எளிதாகச் சுழல வேண்டும். ஆயில் தடவிப் பொருத்தவும்.

5. புதிய ஆயில் ஊற்றி, சில மணி நேரம் ஓட்டிய பிறகு, ஆறவிட்டு மீண்டும் இடைவெளியைப் பார்க்கவும்.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் உள்ள அரியலூர்ப் பக்கம் தூசு அதிகம். காற்று வீசும் கிணற்று மேட்டில் எஞ்சினைத் திறந்து வைக்க வேண்டாம். ஏர் கிளீனரைச் சுத்தமாக வைத்து, ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள். விதைப்புக்கு முன்பே இவ்வேலையை முடித்துக்கொண்டால், பயிர் தண்ணீர் கேட்கும் நாளில் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை.