கேமராவைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்

பிள்ளைகளுடன் வெளியே போய்வந்த ஏதாவது ஒரு நாளின் படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். "இங்கே பார்", "சிரி", "கையைக் கீழே போடு" என்று நாம் சொல்லச் சொல்ல எடுத்தவைதான் அதிகம் இருக்கும். பிள்ளை எல்லாப் படத்திலும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். அன்று அது உண்மையில் எதைப் பார்த்தது என்பதற்கு ஒரு படம்கூட இருக்காது. இதற்கு ஒரு சுலபமான வழி, படம் எடுக்கும் வேலையை அதனிடமே விட்டுவிடுவது. எட்டு வயதாகும் என் மகளுடன் சில மாதங்களாக நான் செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். பெரிய சுற்றுலா எதுவும் வேண்டாம். காய்கறி வாங்கப் போகும் நடையே போதும்.

எந்தக் கேமரா?

பீரோவுக்குள் பழைய டிஜிட்டல் கேமரா கிடந்தால் அதையே எடுங்கள். அதில் விளையாட்டு கிடையாது, போன் அழைப்பு வராது, கீழே விழுந்தாலும் பெரிய நஷ்டமில்லை. பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். மெமரி கார்டில் ஒரு சிக்கல் உண்டு. 2006-க்கு முன்பு வந்த கேமராக்களில் பெரும்பாலானவை 2 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்.டி. கார்டை ஏற்றுக்கொள்ளாது. புதிய 32 ஜி.பி. கார்டைப் போட்டுவிட்டு, கேமரா கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நெடுநாள் சும்மா கிடந்த கேமராவில் தேதியும் மாறிப்போயிருக்கும். அதைச் சரிசெய்யாமல் எடுத்தால் படங்கள் கம்ப்யூட்டரில் தவறான வருடத்தில் போய் நிற்கும்.

ஷட்டரைப் பாதி அழுத்திப் பச்சைக் கட்டம் வந்ததும் முழுதாக அழுத்தச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் இதை நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும்.

போன்தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை. கேமராவைத் திறந்தபின் வேறு எதற்கும் போக முடியாதபடி பூட்டிக் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டில் இதற்கு ஆப் பின்னிங் என்று பெயர். செட்டிங்ஸில் இது இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் மேலே உள்ள தேடும் பெட்டியில் 'பின்' என்று டைப் செய்து கண்டுபிடியுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், அக்ஸஸிபிலிட்டி, கைடட் அக்ஸஸ் என்று போக வேண்டும். பெரும்பாலான போன்களில் வால்யூம் பட்டனை அழுத்தினாலே படம் பதிவாகும். சின்னக் கைகளுக்குத் திரையைத் தொடுவதைவிட அது வசதி.

நடக்கும்போது

"என்ன வேண்டுமானாலும் எடு" என்றால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். ஒரு சின்ன வேலை கொடுங்கள். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு நாள், "உன் முழங்காலுக்குக் கீழே இருப்பதை மட்டும் எடு" என்றேன். நான் இத்தனை வருடமாக நடக்கும் வீதியில் என் கண்ணில் படாதவை எல்லாம் வந்தன. பூக்காரரின் கூடைக்கு அடியில் இருந்த ஈரச் சாக்கு, தராசுத் தட்டின் அடிப்பக்கம், கோயில் வாசலில் ஜோடி பிரிந்து கிடந்த செருப்புகள். இன்னொரு நாள் மஞ்சள் நிறப் பொருள்கள் மட்டும். எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வையுங்கள். பிலிம் ரோலில் 36 படங்கள்தான் என்று இருந்த காலத்தில் நாம் யோசித்து எடுத்தோம் அல்லவா? அதே 36 போதும்.

ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "அக்கா, உங்க கடையைப் போட்டோ எடுக்கட்டுமா?" என்று பிள்ளை கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னால் போதும். பெசன்ட் நகர் கடற்கரை கிழக்கு நோக்கியது. மாலை நாலரை மணிக்குமேல் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். அலையில் நிற்பவர் நம்மைத் திரும்பிப் பார்த்தால் முகம் பளிச்சென்று வரும். காலையில் அதே இடத்தில் எடுத்தால் ஆள் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். இரண்டையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாடமாகச் சொல்வதைவிட அது மனதில் நிற்கும்.

அன்று இரவே பாருங்கள்

இதுதான் முக்கியமான பகுதி. மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். கார்டு ரீடரில் போட்டு, தேதியும் இடமும் சேர்த்து ஒரு போல்டர் உருவாக்கி, படங்களை அதில் காப்பி செய்யுங்கள். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் போல்டர்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். பிறகு போனின் சின்னத் திரையில் அல்லாமல் மானிட்டரில் இருவரும் சேர்ந்து பாருங்கள்.

"இதை எதற்கு எடுத்தாய்?" என்று கேட்காதீர்கள். விசாரணை போலாகிவிடும். "இதில் என்ன நடக்குது?" என்று கேளுங்கள். ஒரு நாள் 36 படங்களில் பதினொன்று ஒரே நாயாக இருந்தது. இட்லி வண்டிக்குக் கீழே படுத்திருந்த நாய். பாதிப் படங்கள் ஆடிப்போயிருந்தன. நான் அதே கேள்வியைக் கேட்டேன்.

"மத்த நாயெல்லாம் அந்தப் பக்கம் விளையாடுதுப்பா. இது மட்டும் வண்டிக்குக் கீழேயே இருக்கு" என்றாள். அடுத்த படத்துக்குப் போனோம். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வேன்லயும் என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க" என்றாள்.

அதற்கு முன் இரண்டு மாதங்களாக, பள்ளியில் என்ன விசேஷம் என்று கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். எதிரே உட்கார வைத்துக் கேட்டால் வராத பேச்சு, இருவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. அந்த வாரமே என் மனைவி, அதே வேனில் வரும் ஒரு சிறுமியின் அம்மாவிடம் பேசினாள். இப்போது இருவரும் ஒரே சீட்டில் வருகிறார்கள்.

ஆகவே, ஆடிப்போன படங்களை நீங்களாக டெலீட் செய்யாதீர்கள். ஐந்து படங்களைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொரு பைலையும் தேர்வு செய்து எப்2 கீயை அழுத்தி, அது சொல்லும் வார்த்தையையே பெயராகக் கொடுங்கள். விண்டோஸ் தமிழ்ப் பெயரை ஏற்கும். 'யாரும் கூப்பிடாத நாய்' என்று ஒரு பைல் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

பிரிண்ட், பேக்கப், பகிர்வு

ஐந்தில் ஒன்றையாவது பிரிண்ட் போடுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் 300 டி.பி.ஐ.யில் தெளிவாக வர 1800க்கு 1200 பிக்சல் போதும். பழைய 3 மெகாபிக்சல் கேமராவே இதற்குத் தாராளம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தை பிரிண்ட்டுக்குக் கொடுக்காதீர்கள், அது சுருக்கப்பட்டிருக்கும். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகச் சேமிக்கும் வசதி 2021 ஜூனில் நின்றுவிட்டது. எனவே ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

போனில் எடுத்த படங்களில், எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். விமான மோடில் போட்டிருந்தாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யக்கூடும். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த படம் என்றால் விண்டோஸில் ரைட் கிளிக், ப்ராபர்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போனால், இந்த விவரங்களை நீக்கும் வரி அடியில் இருக்கும்.

ஊரில் இருக்கும் பாட்டிக்கோ ஸ்டேட்டஸிலோ எதைப் போடுவதானாலும் மகளிடம் கேட்டுத்தான் போடுகிறேன். அவள் எடுத்த படம், அவள் படம் என இரண்டுக்கும் இதே விதி. நாயின் படங்களுக்கு "வேண்டாம்" என்றாள். அவை வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கின்றன.