மேல்முறையீடு: "சாட்சியம் போதாது" என்றால் என்ன?

சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு ஒரு தாயார் வந்தார். மகனுக்கு அமர்வு நீதிமன்றம் தண்டனை விதித்து 75 நாட்கள் ஆகியிருந்தன. "நேரில் பார்த்த சாட்சி ஒருத்தர்கூட இல்லை பாய், அப்பீல் போட்டால் விட்டுடுவாங்கதானே?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று காலக்கெடு, மற்றொன்று சாட்சியம்.

முதலில் காலக்கெடு. மாஜிஸ்திரேட் தண்டித்தால் 30 நாட்களுக்குள் அமர்வு நீதிமன்றத்திலும், அமர்வு நீதிமன்றம் தண்டித்தால் 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்ய வேண்டும். மரண தண்டனைக்கு 30 நாட்களே. தாமதமாகிவிட்டால், தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கும்படி மனு போடலாம். ஏற்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் முடிவு. சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகத் தர வேண்டும். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே மேல்முறையீட்டு மனு அனுப்பலாம்.

அடுத்து சாட்சியம். நேரில் பார்த்தவர் இல்லை என்பது மட்டும் விடுதலைக்குப் போதாது. சூழ்நிலைச் சாட்சியத்தை வைத்தும் தண்டிக்கலாம். நம்பத்தகுந்த ஒரே சாட்சியை வைத்தும் தண்டிக்கலாம். ஆனால் சூழ்நிலைச் சாட்சியத்துக்கு அளவுகோல் கடுமையானது.

1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சர்தா வழக்கைப் பாருங்கள். புனேயில் ஓர் இளம் மனைவி சயனைடு விஷத்தால் இறந்தார். கணவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவள் தற்கொலை செய்திருக்கலாம் என்ற வாய்ப்பை அரசுத் தரப்பால் விலக்க முடியவில்லை என்பதே காரணம். ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும். அவை குற்றத்தை மட்டுமே சுட்ட வேண்டும். வேறு விளக்கத்துக்கு இடமிருக்கக் கூடாது. சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறுந்திருக்கக் கூடாது என்று அத்தீர்ப்பு வகுத்தது. "செய்திருக்கலாம்" என்பது வேறு, "செய்தே இருக்க வேண்டும்" என்பது வேறு.

மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியங்களை முழுவதுமாக மறுபடி எடைபோடலாம். ஆனால் பொதுவாகப் புதிய சாட்சிகளை விசாரிக்காது. ஏற்கெனவே பதிவானதைத்தான் படிக்கும். ஆகவே வழக்கறிஞரிடம் அழுது பயனில்லை. தீர்ப்பு, சாட்சி வாக்குமூலங்கள், குறுக்கு விசாரணை ஆகியவற்றின் நகல்களைக் கொடுங்கள். எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று கேளுங்கள். போலீசாரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது; அதன்வழி கண்டெடுத்த பொருள் தொடர்பான பகுதி மட்டும் ஏற்கப்படலாம். சிறு முரண்பாடுகளை நம்பியிராதீர்கள். வழக்கின் வேரைத் தொடும் முரண்பாடே பயன் தரும்.

"அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். தண்டிக்கப்பட்டவரின் மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டச் சட்டம் அனுமதிக்கவில்லை.

பணமில்லையே என்று தயங்க வேண்டாம். சிறையில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அந்தத் தாயாரை மறுநாளே அங்கு அழைத்துச் சென்றோம். தாமத மன்னிப்பு மனுவும் மேல்முறையீடும் தயாராகின்றன. அவர் முதல் வாரமே வந்திருந்தால் ஒரு மனு மிச்சமாகியிருக்கும். தீர்ப்பு வந்த அன்றே தேதியைக் குறித்து வையுங்கள்.