டயரில் இருக்கும் ஓர் எழுத்து

வேகம், வட்டத்தின் சுற்றளவு, அலகு மாற்றம் மூன்றையும் சேர்த்து நடத்த நான் பயன்படுத்தும் துணைக்கருவி டயர். செலவு இல்லை. பள்ளி வளாகத்தில் நிற்கும் நம் வண்டிகளே போதும். டயரின் பக்கவாட்டில் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்தால் எழுத்தும் எண்ணும் தாளில் பதிந்துவிடும். தொடக்க வகுப்புப் பிள்ளைகள்கூட இதை ஆசையாகச் செய்வார்கள். வண்டி ஓடி வந்து நின்றவுடன் மட்டும் வேண்டாம், டயர் சூடாக இருக்கும். அந்தச் சூட்டைப் பற்றித்தான் இந்தப் பாடமே.

எங்கள் பிள்ளைச்சாவடியை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. அதில் போகும் வண்டிகளின் வேகம் எவ்வளவு என்று பந்தயம் கட்டும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அந்த ஆர்வத்தைக் கணக்கின் பக்கம் திருப்பலாம்.

ஒரு கார் டயரில் 185/65 ஆர்15 88எச் என்று இருக்கிறது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம்! அலகு மாற்றத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை. அடுத்துள்ள 88 சுமைக் குறியீடு. அது கிலோ அல்ல. அட்டவணையில் பார்த்தால் 560 கிலோ. கடைசி எழுத்தான எச் வேகக் குறியீடு.

அட்டவணையைக் காட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: எஸ், எச் இரண்டில் எது அதிக வேகம்? அகர வரிசையை நினைத்து எஸ் என்பார்கள். ஜே 100, எல் 120, பி 150, எஸ் 180 என்று வரிசை ஒழுங்காகத்தான் ஏறுகிறது. யு 200. அதற்கு அடுத்து எச் 210, பிறகு வி 240. ஐரோப்பாவில் முன்பு எஸ், எச், வி என ஒரு சில பிரிவுகளே இருந்தன. பின்னாளில் இடைப்பட்ட வேகங்களுக்கு எழுத்துகளைச் சேர்த்தபோது எச் தன் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. அட்டவணையை ஊகிக்கக் கூடாது, படிக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு இங்கே தானாகப் புரிகிறது.

இனி கணக்கு. பக்கவாட்டு உயரம் 185 × 0.65 = 120.25 மி.மீ. ரிம் 15 × 25.4 = 381 மி.மீ. மேலும் கீழும் சேர்த்தால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 512 சுற்று. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 512 சுற்று, 210 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 1,790, அதாவது நொடிக்கு முப்பது. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொட்டு அமுங்கி மீள்கிறது. அமுக்கியபோது கொடுத்த ஆற்றலை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. மிச்சம் வெப்பமாகிறது. வேகம் கூடினால் வெப்பம் வெளியேற நேரம் போதாது. உள்ளே ரப்பரும் இழைகளும் ஒட்டியிருக்கும் அடுக்குகள் அந்தச் சூட்டில் பிரியத் தொடங்கும். மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் மையநோக்கு விசையையும் சேர்க்கலாம்: வேகம் 3.5 மடங்கானால் விசை 12.25 மடங்கு.

"அப்படின்னா 210-ல போகலாமா சார்?" இந்தக் கேள்வி வராத வகுப்பு இல்லை. ஐ.நா. விதிமுறை எண் 30-இன்படி நடக்கும் சோதனையில் டயரைச் சுழலும் உருளைமீது சுமையோடு அழுத்தி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, மொத்தம் ஒரு மணி நேரம் ஓட்டுகிறார்கள். டயர் புதிது, காற்று சரியான அளவு, சுமையும் வரம்புக்குள். அந்த எழுத்து இந்த நிபந்தனைகளோடு வருவது. காற்று குறைந்தால் டயர் அதிகம் வளையும், அதிகம் சூடாகும். எழுத்து மாறாது, தாங்கும் திறன் மாறிவிடும். சாலைக்கான வேக வரம்பு வேறு, அதைச் சாலையோரப் பலகைதான் சொல்லும்.

ஸ்கூட்டருக்கு வருவோம். பலவற்றில் 90/100-10 53ஜே இருக்கும். 53 என்றால் 206 கிலோ, ஜே என்றால் 100 கி.மீ. வண்டி 110 கிலோ, ஆளுக்கு 60 கிலோ வீதம் மூன்று பேர், மொத்தம் 290. மூன்றில் இரண்டு பங்கு பின்சக்கரத்தில் விழுவதாகக் கொண்டால் 193 கிலோ. "அப்போ மூணு பேர் போகலாம்!" என்று ஒரு மாணவன் துள்ளினான். விடையை மறுக்காமல் மிச்சத்தைக் கணக்கிடச் சொன்னேன்: 13 கிலோ. ஒரு புத்தகப்பை, ஒரு சின்ன அரிசி மூட்டை, ஒரு பள்ளம், கொஞ்சம் குறைந்த காற்று. பிறகு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 128-ஐச் சொன்னேன்: ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர்தான். டயர் தாங்குவதாலேயே பிரேக் நிறுத்திவிடாது என்று பக்கத்துப் பெஞ்சு மாணவி சொன்னது என் விளக்கத்தைவிட நன்றாக இருந்தது.

வீட்டுப்பாடமாக நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைத் தேடி வரச் சொல்லலாம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அப்பா, மாமாவின் வண்டி டயருக்கு என்ன வயது என்று பிள்ளைகள் வீட்டில் கேட்கத் தொடங்குவார்கள்.

மதிப்பீட்டுக்கு நான் தரும் வினா இது: 185/65 ஆர்15 88எச் டயருக்குப் பதிலாக ஒருவர் 185/60 ஆர்15 84எச் வாங்குகிறார். 84 என்றால் 500 கிலோ. ரிம்மும் அதே, எழுத்தும் அதே, ஆகவே சிக்கல் இல்லை என்கிறார். சரியா? சுமையில் டயருக்கு 60 கிலோ குறைவதை எழுதினால் பாதி மதிப்பெண். விட்டம் 603 மி.மீ. ஆகச் சுருங்குவதால் வேகமானி உண்மையைவிடச் சுமார் 3 விழுக்காடு கூட்டிக் காட்டும் என்பதையும் கண்டுபிடித்தால் முழு மதிப்பெண்.