ஒரு நாளைக்கு எத்தனை கலோரி செலவாகிறது?

எடை குறைக்க நினைப்பவர்கள் முதலில் செலவைக் கணக்கிடுங்கள். 1990இல் வந்த மிஃப்ளின்-செயின்ட் ஜோர் சூத்திரம் எளிது. எடையை (கிலோ) 10ஆலும் உயரத்தை (செ.மீ.) 6.25ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண்கள் மேலும் 161 கழிக்க, ஆண்கள் 5 கூட்ட வேண்டும். சும்மா படுத்திருந்தாலே உடல் எரிக்கும் அளவு இது.

65 கிலோ, 155 செ.மீ., 40 வயதுப் பெண்ணுக்கு 1,258 வரும். உட்கார்ந்தே வேலையென்றால் 1.2ஆல் பெருக்க, சுமார் 1,510. வாரத்தில் சில நாள் நடைப்பயிற்சி உண்டென்றால் 1.375. இங்கேதான் பலரும் தாராளமாகிவிடுகிறார்கள்! சந்தேகமென்றால் சிறிய எண்ணையே எடுங்கள்.

விடை தோராயம்தான். அதில் 300 குறைத்துச் சாப்பிட்டு, வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் எடை பாருங்கள். ஒரு மாதமாகியும் இறங்கவில்லையென்றால் சூத்திரத்தை விட்டுவிட்டு எடை மெஷினை நம்புங்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்கவும்.